கேட்காமல் அழைத்தல்

நம் சிறுபத்திரிகைகள் மரணத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கின்றன. தற்கொலை, அபத்தம், இருப்பின் வெறுமை என்று காம்யுவையும் சார்த்தரையும் துணைக்கு வைத்துக்கொண்டு நாம் நுழையாத சந்து இல்லை. பிறப்பு மட்டும் கவிதைகளில் படிமமாக வந்து போயிற்று. அதை ஒரு பிரச்னையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது பெண்களின் காரியம், ஆஸ்பத்திரியின் காரியம், ஜோசியரின் காரியம் என்று சொல்லாமலே ஒதுக்கியாயிற்று.

ஹன்னா அரெண்ட் இந்த வழக்கத்துக்கு விலக்கு. 1958ல் வெளிவந்த ‘மனித நிலைமை’ என்ற நூலில், மரணம் தத்துவத்துக்கு எப்படியோ அப்படிப் பிறப்பு அரசியல் சிந்தனைக்கு மையமாக இருக்கக்கூடும் என்றார். மனிதனால் புதிதாக ஒன்றைத் தொடங்க முடிகிறதென்றால், அவனே ஒரு தொடக்கமாக வந்தவன் என்பதுதான் காரணம். இது பெரிய பார்வை. ஆனால் பிறந்துவிட்டவரின் பக்கமிருந்தும் அவரை ஏற்றுக்கொள்ளும் உலகத்தின் பக்கமிருந்தும் சொல்லப்பட்ட பார்வை. இன்னும் வந்து சேராத ஒருவரைச் சுமந்துகொண்டு காத்திருப்பவருக்கு அதில் இடம் இல்லை.

நான் அந்த இடத்தில் இருக்கிறேன். முதல் குழந்தை, 36ஆவது வாரம். வளைகாப்பு முடிந்து குடவாசலில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். இந்த ஸ்திதியில் இருக்கும் பெண்ணுக்கு உணர்ச்சிகள்தான் உண்டு, சிந்தனை கிடையாது என்று நம்புகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

பிரச்னை இதுதான். ஒருவரைக் கேட்காமல் உலகத்துக்கு அழைத்து வருகிறோம். மற்ற காரியங்களில் சம்மதம் கேட்காமல் விட்டால் அதற்கு ஒரு சாக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் சாக்குக்கே அவசியமில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. ஆள் வந்த பிறகு கேட்டால் காரியம் முடிந்துவிட்டிருக்கும். இதை வைத்துப் பெறுவதே தவறு என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டேவிட் பெனடார் 2006ல் இதற்காக ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இல்லாத ஒருவரை இல்லாமலே வைத்திருப்பது உபகாரம் என்றால், அந்த உபகாரத்தைப் பெற்றுக்கொள்ள எவரும் இல்லை. ஆனாலும் கேள்வியைத் தூக்கி எறிய முடியவில்லை. அது வெளியிலிருந்து வந்த கேள்வி மட்டுமல்ல. இந்த ஊரில் ஏற்கனவே கேட்கப்பட்ட கேள்வி.

புறநானூற்றின் 74ஆவது பாட்டைச் சொல்கிறேன். சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் போரில் தோற்றுக் குடவாயில் கோட்டத்தில் சிறைப்பட்டான். அந்தக் குடவாயில் இன்றைய குடவாசல்தான் என்று கொள்கிறார்கள். தண்ணீர் கேட்டான், கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தபோது கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல், இந்தப் பாட்டைச் சொல்லி இறந்தான் என்கிறது அடிக்குறிப்பு. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை விடுவித்தார் என்று வேறொரு மரபும் உண்டு. எது நடந்ததோ, பாட்டு நிற்கிறது.

அது பிறப்பைப் பற்றிய பாட்டு என்பதை நான் இத்தனை நாள் கவனித்ததில்லை. இந்த வயிற்றோடு படிக்கும்போதுதான் படுகிறது. சிறையில் தாகத்தோடு கிடக்கும் ஓர் அரசனுக்கு முதலில் நினைவுக்கு வருவது இறந்து பிறக்கும் குழந்தை. அடுத்தது உருவமே இல்லாத தசைப்பிண்டம். அவற்றைக்கூட எங்கள் குலத்தார் மனிதக் கணக்கிலிருந்து தள்ளமாட்டார்கள், வாளால் வெட்டியே அடக்கம் செய்வார்கள் என்கிறான். அப்படிப்பட்ட குலத்தில் வந்து, நாய்போல் சங்கிலியில் கட்டுண்டு, பகைவனிடம் தண்ணீர் இரந்து குடிக்கும் ஒருவனையும் உலகத்தில் பெறுவார்களா என்று முடிக்கிறான். சிறைப்படுத்தியவனிடம் அவன் கேட்கவில்லை. பெற்றவர்களிடம் கேட்கிறான்.

இந்தப் பாட்டில் ஒரு பெருந்தன்மையும் ஒரு பயங்கரமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பிண்டத்தையும் மனிதனாக எண்ணுவது பெருந்தன்மை. ஆனால் மனிதனாக எண்ணப்படுவதற்கு ஒரே வாசல்தான் திறந்திருக்கிறது. அது வாளின் வாசல். மூச்சே விடாத குழந்தைக்கும் வீரன் என்ற வேலை தயாராக இருக்கிறது. அது வேறு எதுவாகவும் ஆகியிருக்கலாம் என்பதற்கு அந்தக் குலத்தின் கணக்கில் இடம் இல்லை. அரசனும் அந்தக் கணக்காலேயே தன்னை அளக்கிறான். அளவில் குறைந்ததும் தன்னைப் பெற்றதே வீண் என்கிறான்.

எதிர்த்தரப்பில் இருந்த சோழனின் பிறப்புக் கதை இன்னும் விசித்திரமானது. சிறைப்படுத்திய செங்கணானும், அறுபத்துமூவரில் ஒருவரான கோச்செங்கட்சோழரும் ஒருவரே என்பது மரபு. சேக்கிழார் சொல்கிறார்: கமலவதிக்குப் பிரசவ வேளை நெருங்கியது. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் குழந்தை மூவுலகும் ஆளும் என்றார்கள் சோதிடர்கள். தன் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னாள். பிள்ளை குறித்த நேரத்தில் பிறந்தது, தாமதத்தால் கண் சிவந்து. அந்தக் கண்ணைப் பார்த்து ஒரு பெயர் சொல்லிவிட்டு அவள் இறந்துபோனாள். அந்தப் பிள்ளை வளர்ந்து எடுப்பித்த மாடக்கோயில்களில் குடவாசல் கோணேசுவரர் கோயிலும் ஒன்று என்பார்கள்.

ஒரு நாழிகை என்பது 24 நிமிஷம். இதைப் புராணம் என்று சிரித்துவிட்டுப் போக எனக்கு வசதியில்லை. என் அத்தை கும்பகோணத்தில் ஒரு ஜோசியரிடம் எழுதி வாங்கி வந்த காகிதம் வீட்டில் இருக்கிறது. அதில் மூன்று நாட்கள், மூன்று நேரங்கள். அவற்றில் ஒன்றில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். ‘நாள் பார்க்காம நாத்து விட்டமா, நாள் பார்க்காம உனக்குக் கல்யாணம் பண்ணினமா? இதுக்கு மட்டும் ஏன் பார்க்கக்கூடாதுங்கறே?’ என்று கேட்கிறார். அவர் முட்டாள் அல்ல, அன்பில்லாதவரும் அல்ல. கமலவதியும் அன்பினால்தான் தொங்கினாள்.

பகுத்தறிவுக்காரர்கள் இங்கே அவசரமாகச் சிரிக்க வேண்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை மூலம் நடக்கின்றன. தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. இதில் உயிர் காத்தவை எத்தனையோ உண்டு. ஆனால் எல்லாம் அவை அல்ல. டாக்டரின் சௌகரியம், ஞாயிற்றுக்கிழமை, வலியைப் பற்றிய பயம் இவையும் முகூர்த்தங்களே. பஞ்சாங்கம் வேறு, அவ்வளவுதான்.

அத்தையின் கேள்விக்கு எனக்குத் தோன்றும் பதில் இது. கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது நான் அங்கே இருந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொன்னேனா என்பது வேறு. இங்கே சம்பந்தப்பட்டவர் பேச இல்லை. ஆனால் வேறு விதத்தில் இருக்கிறார். பிரசவ வலி எப்போது தொடங்குவது என்பதில் தாயின் உடலுக்கு மட்டுமல்ல, குழந்தையின் உடலுக்கும் பங்கு உண்டு என்று மருத்துவம் கருதுகிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள், நம் கணக்கில் 28 நாள் கொண்ட பத்து மாதம், என்று தேதி போட்டுத் தருகிறார்கள். அந்தத் தேதியில் பிறப்பது ஏறத்தாழ இருபதில் ஒன்றுதான். மீதிக் குழந்தைகள் தங்கள் கணக்கில் வருகின்றன. அப்படியானால் பிறக்கும் வேளைதான், கேட்காமல் அழைக்கப்பட்டவர் தாமும் கலந்துகொள்ளும் முதல் முடிவு. இதயத்துடிப்பு இறங்கினாலோ என் ரத்த அழுத்தம் ஏறினாலோ அதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நட்சத்திரத்துக்காக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன பாத்தியதை?

இதிலிருந்து ஒரு பொது விதியை நோக்கிப் போகலாம் என்று படுகிறது. முதல் முடிவைக் கேட்காமலே எடுத்தவர்கள் நாம். அதற்கு ஈடாகச் செய்யக்கூடியது, காத்திருக்க முடிந்த முடிவுகளைக் காத்திருக்க விடுவது. இரும்புச் சத்து மாத்திரை காத்திருக்காது. தடுப்பூசி காத்திருக்காது. நடுராத்திரியில் வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பது காத்திருக்காது. இவையெல்லாம் அவருக்காக நாம் தயாராவது. பெயர், படிப்பு, எந்தச் சாமி, எங்கள் வீட்டில் யாருடைய மறுபிறவி என்பவை அவரையே தயாரிப்பது. இவை காத்திருக்கலாம்.

நம் பழக்கங்களில் இந்த விதி ஏற்கனவே இருக்கிறது என்று பெருமைப்படலாம் போலத் தோன்றும். அம்மா இதுவரை ஒரு புதுத்துணி வாங்கவிடவில்லை. அப்பாவின் நைந்த வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். தொட்டில் பிறகுதான்; வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது. பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆனால் இது மரியாதையால் வந்த மௌனம் அல்ல, பயத்தால் வந்தது. பிறந்ததில் பாதி தங்காத வீடுகள் இருந்த காலத்தின் ஞாபகம். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இருக்கிற மௌனமும் அப்படித்தான். ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று பலகை தொங்குகிறது. 1994ல் அந்தச் சட்டம் வந்தது குழந்தையின் அந்தரங்கத்துக்காக அல்ல. தெரிந்தால் நாம் என்ன செய்வோம் என்று தெரிந்ததால் வந்தது. பிறந்த பின்பும் பெண் என்பதற்காகக் கொல்லப்படும் குழந்தைகளுக்காக 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. நம்மை நம்பாத ஒரு சட்டம் நமக்கு இட்டிருக்கும் திரை அந்தப் பலகை.

பயத்தால் வந்தாலும் சந்தேகத்தால் வந்தாலும் அந்த மௌனத்தின் உள்ளே நல்ல விஷயம் ஒன்று அகப்பட்டிருக்கிறது. அறியாமல் காத்திருப்பது எப்படி என்று அது நம்மைப் பழக்குகிறது. இந்த வயல்நாட்டில் பயிர் சூல் கொண்டதா என்று சந்தேகம் வந்தால் ஒரு தூரைப் பிடுங்கித் தண்டைப் பிளந்து பார்க்கலாம். ஒன்று போனாலும் மற்றவற்றைப் பற்றித் தெரிந்துவிடும். வயிற்றில் இருப்பவர் விஷயத்தில் மற்றவை என்று எதுவும் இல்லை. இவரைப் பற்றி அறிய இவர் வர வேண்டும்.

இத்தோடு முடித்தால் கட்டுரை அழகாக முடியும், உண்மையாக இருக்காது. நான் காத்திருக்க விடுவதாகச் சொல்லும் முடிவுகளில் பலவற்றை எனக்கு முன்பே வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அத்தையின் காகிதத்தில் நேரங்கள் மூன்று, தெரு ஒன்றுதான். எந்த ஜோசியரும் எந்தத் தெருவில் பிறக்கலாம் என்று குறித்துக் கொடுப்பதில்லை. ஆனால் இந்த மண்ணில் ஜாதகத்தைவிடத் துல்லியமாகப் பலன் சொல்வது தெருதான். 1968 டிசம்பர் 25ஆம் தேதி, அன்று இதே தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட சேரியின் ஜனங்கள் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் குழந்தைகள் எந்த லக்னத்தில் பிறந்திருந்தால் தப்பியிருக்கும்? கணைக்கால் இரும்பொறையின் கேள்வி அங்கேதான் முழு கனத்தோடு விழுகிறது. அரசனுக்குப் போனது மானம். இவர்களுக்கு அதைக் கேட்கும் வயதுகூட வரவில்லை.

ஆகவே விதியைத் திருத்த வேண்டியிருக்கிறது. காத்திருக்க முடிந்த முடிவுகளை விட்டுவைப்பது பாதிதான். நமக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்ட முடிவுகளைக் கலைப்பது மறுபாதி. முதல் பாதியை வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யலாம். இரண்டாவதை அப்படிச் செய்ய முடியாது. என் குழந்தைக்கு மட்டும் செய்யவும் முடியாது. ஒரு தெருவின் பலனை மாற்றாமல் இன்னொரு தெருவின் பலன் மாறாது. என் குழந்தைக்குக் கிடைக்கப்போகும் சௌகரியத்தில் ஒரு பகுதி அடுத்த தெருக் குழந்தைக்குக் கிடைக்காததால் கிடைப்பது. கர்ப்பம் மனதைச் சொந்த வயிற்றளவுக்குச் சுருக்கும் என்பார்கள். சுருக்கத்தான் செய்கிறது. அதை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படி ஒருவனைப் பெறுவார்களா என்று கேட்டவனுக்குப் பெற்றவர்களால் பதில் சொல்ல முடியாது. பெற்றது சரியா என்பதை வந்தவர்தான், வாழ்ந்து பார்த்துவிட்டு, சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்லவும் அவருக்குப் பாத்தியதை உண்டு. அந்தப் பதிலை நான் இப்போதே எழுதிவைக்க முடியாது. நேரம் குறித்து வரவழைக்கவும் முடியாது. ஆனால் ஒன்று கவனிக்கலாம். அவன் அந்தக் கேள்விக்கு வந்தது தண்ணீர் தாமதமானதால். முதல் தடவை கேட்டபோதே யாராவது கொடுத்திருந்தால் குடவாயில் சிறையிலும் ஒருவன் தன் பிறப்பைப் பொறுத்துக்கொண்டிருப்பான் என்று தோன்றுகிறது.