முரசும் அலரும்

சங்க இலக்கியம் காட்டும் தமிழகத்தில் செய்தி பரவும் வழிகள் இரண்டு. ஒன்று முரசு; மற்றொன்று அலர். அரசன் ஆணையையும் விழா நாளையும் ஊருக்கு அறிவிப்பது முரசு. அதனை அறைபவன் யார், அறையச் சொன்னவன் யார் என்பது ஊரறிந்தது. அலரோ அத்தகையதன்று. ஒருத்தியின் காதலைப் பற்றி ஒருவர் காதில் ஒருவர் ஓத, ஊர் முழுதும் பரவுவது. தொடங்கியவர் இன்னார் என்று எவராலும் சுட்ட இயலாது. ஆயினும் அலரின் விரைவு முரசுக்கு இல்லை. முரசொலியைக் கேட்டவன் கேட்டதோடு நின்றுவிடுகிறான்; அலரைக் கேட்டவனோ அடுத்த வீட்டுக்கு அதனைச் சுமந்து செல்கிறான்.

இன்று கைப்பேசி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. வணிக நிறுவனங்களும், தொண்டு அமைப்புகளும், இயக்கங்களும், அரசுத் துறைகளும் முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகியவற்றின் வழியே நம்மிடம் பேசுகின்றன. அவை கண்டறிந்த உத்தியை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: முரசின் வேலையை அலரைக் கொண்டு செய்வித்துக்கொள்வது. நாளிதழில் இடம் வாங்கித் தேயிலைக்கு விளம்பரம் செய்தால் அது முரசு. பல்லாயிரவர் பின்தொடரும் ஒருவர், தம் வீட்டு அடுக்களையில் அத்தேநீரைப் பருகி, 'இதுபோல் குடித்ததில்லை' என்றால் அது அலர். காண்பவர் அதனைத் தோழியின் சொல்லாகக் கொள்கின்றனர். பின்னே கைமாறிய பணத்தை அறியார். அவ்வாறு பணமோ பொருளோ பெற்றுப் புகழ்வோர் அதனை வெளிப்படையாகக் கூறவேண்டும் என்று இந்திய அரசின் நுகர்வோர் துறை 2023 சனவரியில் நெறிமுறை வகுக்க நேர்ந்ததே இவ்வழக்கத்தின் பரப்பைக் காட்டும்.

ஈண்டு எழும் அறக்கேள்வி இது: அலரைக் கருவியாகக் கொள்ளும் அமைப்பு, அவ்வலரின் விளைவுக்கும் பொறுப்பேற்குமா?

இக்கேள்வி நம் சித்திரபுரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அயலானதன்று. இலங்கை மலைகளுக்கு ஆள் திரட்டிய கங்காணிகள், தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டிய கதையை நாம் கேட்டிருக்கிறோம். ஏட்டில் ஏறாத விளம்பரம் அது. ஊரானே வந்து ஊரானிடம் சொன்னமையால் மக்கள் நம்பினர். மலையேறிய பின்னர் அச்சொல்லுக்கு விடை சொல்வார் யாரும் இலர்.

இன்றோ நம் மலைகளே விளம்பரமாகிவிட்டன. 'கடவுளின் சொந்த நாடு' என்னும் தொடருடன் மூணாற்றுத் தேயிலைச் சரிவுகள் உலகெங்கும் படமாகச் செல்கின்றன. பனி இருக்கிறது, பசுமை இருக்கிறது, நீலக்குறிஞ்சி இருக்கிறது. லயத்து ஒற்றை அறையும், அட்டைக் கடியும், கொழுந்துச் சுமையால் வளைந்த முதுகும் அப்படங்களில் இல்லை. படம் பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறது. சுற்றுலாவால் நம்மவர் பலர்க்குப் பிழைப்புக் கிடைத்திருப்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், பாதி உண்மையை ஆயிரம் முறை காட்டினால் மறுபாதி இல்லையென்றே உலகம் நினைத்துவிடும்.

அந்த மறுபாதி ஒருமுறை தானே வாய் திறந்தது. 2015 செப்டம்பரில், ஊக்கத்தொகை 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, மூணாற்றின் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அப்போராட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தொலைக்காட்சியும் முகநூலும் அவர்கள் முகங்களை நாடெங்கும் கொண்டு சென்றன. 20 விழுக்காடு கிடைத்தது. ஆனால், 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ஆக உயர்த்தக் கேட்டது அடுத்த மாதம் 301 ரூபாயில் முடிந்தது. அதற்குள் உலகின் கண் வேறிடம் சென்றுவிட்டது. அலர் எழுப்பிய அலை, கூலிப் பேச்சின் கடைசி நாள்வரை நின்று காப்பதில்லை.

ஐந்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்தது. 70 உயிர்கள் போயின. அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றுப் பக்கம் வேர்கொண்ட குடும்பத்தினர். மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை, மறுநாள் காலையில்தான் வெளியுலகம் அறிந்தது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940 இல் இயங்கத் தொடங்கியது நம் பள்ளிவாசலில். எண்பது ஆண்டுகளுக்குப் பின், அதே மலைத்தொடரில், உதவி கேட்க ஒரு விளக்கும் எரியவில்லை. உலகமே பேசிக்கொண்டிருந்த காலத்தில் பெட்டிமுடி ஊமையாக இருந்தது. பின்னர் அங்கிருந்து மிகுதியாகப் பரவிய செய்திகளுள் ஒன்று, தான் விளையாடிய குழந்தையின் உடலைத் தேடிக் கண்டுபிடித்த குவி என்னும் நாயைப் பற்றியது. அந்த வாயில்லாச் சீவனின் அன்பை எண்ணுந்தோறும் நெஞ்சு நெகிழ்கிறது. ஆயினும், நாயின் பெயரை அறிந்தவருள் எத்தனை பேர், இறந்தவர் ஒருவரின் பெயரையேனும் அறிவர்?

படமே கூடாது என்பது நம் கருத்தன்று. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், மாடியில் சிக்கியோர் அனுப்பிய செய்திகளைத் தன்னார்வலர்கள் திரட்டி மீட்போர்க்குத் தந்தனர். மீனவர் படகுகள் தேடிச் சென்றன. அலரும் காதலர்க்கு ஒருவகையில் உதவும் என்பதை, 'அலரறிவுறுத்தல்' என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் அறிவார். நல்ல நோக்கம் ஒன்றே போதுமா என்பதுதான் வினா. 2012 மார்ச்சில் அமெரிக்கத் தொண்டு அமைப்பொன்று, சிறுவரைக் கடத்திப் படைக்குச் சேர்த்த சோசப் கோனி என்பவனைப் பற்றி அரைமணி நேரப் படம் வெளியிட்டது. ஆறே நாளில் அது பத்துக் கோடி முறை பார்க்கப்பட்டது. அவன் அப்போது உகாண்டாவிலேயே இல்லை. அவனால் துன்புற்ற உகாண்டா மக்களுக்கே லிரா நகரில் அப்படத்தைக் காட்டியபோது, அவர்கள் சினந்து கல்லெறிந்தனர். தம் துயரம் பிறர் கையில் சரக்காகிவிட்டது என்றே அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

அவ்வுணர்வை நாம் அருகிருந்தே கண்டோம். ஒரு மழைக்காலத்தில் அமைப்பொன்று நம் பக்கத்து லயங்களில் அரிசி வழங்கியது. முந்தானையால் முகத்தை மறைத்த மூதாட்டி ஒருவரை, பையைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தனர். அன்றிரவே திருப்பூரில் வேலை செய்யும் பேரன் அதைப் பார்த்துவிட்டு, "நான் அனுப்புற காசு பத்தலையா பாட்டி?" என்று கேட்டு அழுதானாம். சில நாள் கழித்து அம்மூதாட்டி நம்மிடம் சொன்னார்: "அரிசி மூணு வாரத்துல தீந்துபோச்சுங்க ஐயா. படம் தீரலியே."

அச்சொல்லுக்கு நம்மிடம் விடையில்லை. ஏனெனில் அந்தப் படத்தை, 'நல்ல பணி' என்று எழுதி, உறவினர் குழுவுக்கு அனுப்பியோருள் நாமும் ஒருவர். அலர் தூற்றியவர் யார் என்று தேடப் புறப்பட்டால், முடிவில் நம் வாசலில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

நாம் பணிபுரிவது மைய அரசின் அலுவலகமொன்றில், எழுத்தராக. அங்கே கையொப்பமும் நாளும் எண்ணும் இல்லாத தாள் கடிதமாகாது. சலிப்பூட்டும் வழக்கமாகவே இதனை நெடுநாள் எண்ணியிருந்தோம். இப்போதோ அதனுள் ஓர் அறம் இருப்பதாகத் தோன்றுகிறது. சொல்லியவர் இன்னார், சொல்லிய நாள் இது, பிழையென்றால் கேட்க வேண்டிய இடம் இது என்பனவே அந்தத் தாள் தரும் உறுதி. அமைப்புகள் அலரைப் பயன்படுத்தட்டும். ஆனால் முரசின் பொறுப்போடு பயன்படுத்தட்டும். பணம் பெற்றுப் புகழ்ந்தால் அதனைச் சொல்லட்டும். ஒருவர் படத்தை வெளியிடுமுன் அவரிடம் கேட்கட்டும். அதுவும் அரிசியைக் கொடுத்த பின்பு கேட்கட்டும். கொடுப்பதற்கு முன் கேட்டால் அது கேள்வியாகாது, விலையாகும். கூட்டம் கலைந்த பிறகும் காரியம் முடியும்வரை உடன் நிற்கட்டும்.

பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்பது வள்ளுவம். அந்த அளவுகோலால் நோக்கின், உண்மையான படமும் வாய்மையற்றதாகலாம்.

நம் சங்கமும் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குகிறது. நாமும் வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கிறோம். இவ்வாண்டு வழங்கும்போது, மேடையில் நிற்கும் நம் முகங்களை மட்டும் எடுத்தால் என்ன? கொடுத்தோம் என்பதற்குச் சான்று வேண்டுமெனில், கொடுத்தவர் முகமே போதும். அடுத்த பொதுக்குழுவில் அன்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.