சம்பளம் வாங்கிச் செய்த வேலைக்கு மறுமையில் கூலி உண்டா?

 

மின்வாரியத்திலோ குடிநீர் வாரியத்திலோ பெரிய பதவியில் இருந்த ஒருவர் வஃபாத்தானால், ஜனாஸாவில் நாம் என்ன பேசுகிறோம்? ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு நின்றார், மதரஸா கட்ட வசூல் செய்தார், ஏழைக் குமர்களின் நிகாஹ்வுக்கு ஓடினார் என்போம். அவர் முப்பது வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது சம்பளத்துக்குச் செய்த வேலைதானே, அதில் என்ன தர்மம் என்று நினைக்கிறோம்.

இந்த நினைப்பு சரியா என்று பாருங்கள். எஜமானர் கொடுக்கச் சொன்னதைக் குறைக்காமல், மனமுவந்து, உரியவரிடம் சேர்க்கும் நம்பிக்கையான கருவூலக் காப்பாளரும் தர்மம் செய்தவர்களில் ஒருவரே என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் பதிவாகியுள்ளது. பணம் அவருடையதல்ல. வேலைக்குக் கூலியும் வாங்குகிறார். ஆனாலும் நன்மையில் பங்கு உண்டு. நிபந்தனைகளைக் கவனியுங்கள்: குறைக்காமல், மனமுவந்து, உரியவரிடம். ‘மனமுவந்து’ என்ற இடத்தில்தான் நம்மில் பலர் தடுக்கி விழுகிறோம். உரிய வேலையைச் செய்துகொடுத்துவிட்டு, ஏதோ தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததுபோல் முகத்தைக் காட்டும் அதிகாரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நம் பகுதியோடு சேர்ந்த ஓர் உதாரணம் உண்டு. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூரில் இருக்கும் நமக்குச் செம்பரம்பாக்கமும் புழலும் பக்கத்து ஏரிகள். அந்த இரண்டுக்கும் பூண்டியில் தேங்கும் கொசஸ்தலை ஆற்று நீர் கால்வாய் வழியாக வருகிறது. பூண்டி அணைக்கு 1940இல் அடிக்கல் நாட்டியவர் எஸ். சத்தியமூர்த்தி. அன்று சென்னை நகருக்குத் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பு மாநகராட்சியிடம் இருந்தது. 1939இல் அவர் அதன் மேயரானார். உலகப் போர் தொடங்கிவிட்ட நேரம் அது. அணை கட்ட அரசின் இசைவைப் பெறுவது லேசான காரியமாக இருந்திருக்காது. 1942இல் அவர் கைதாகிச் சிறைக்குப் போனார். உடல் நலிந்து 1943 மார்ச் 28 அன்று சென்னையில் இறந்தார். அணை முடிந்தது 1944இல். அந்தத் தண்ணீரை அவர் பார்க்கவேயில்லை. அவருடைய ராஜாஜி, காமராஜர் கால அரசியல் பேச்சுகளை இன்று எத்தனை பேர் படிக்கிறார்கள்? குழாயைத் திறக்கும்போது வருவது அவர் மேஜையில் நகர்ந்த கோப்பு.

அவர் நம் மார்க்கத்தவர் இல்லையே, குத்பாவில் ஏன் என்று ஒருவர் கேட்கலாம். பத்ர் போருக்குப் பின், முத்இம் பின் அதீ உயிரோடிருந்து கைதிகளுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக அவர்களை விட்டிருப்பேன் என்று நபி (ஸல்) அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். முத்இம் இஸ்லாத்தை ஏற்காமலேயே இறந்தவர். ஆனால் தாயிஃபிலிருந்து திரும்பிய நபியவர்களுக்கு மக்காவில் அடைக்கலம் கொடுத்தவர். செய்த நன்மையை நன்மை என்று சொல்ல நமக்குத் தடையில்லை. மறுமையின் தீர்ப்பு அல்லாஹ்விடம்.

இனி மறுபக்கம். இது கொஞ்சம் கசக்கும். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, ‘இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது’ என்றார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தன் தகப்பன் வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று கேட்டார்கள். புது மின் இணைப்புக்கும் தண்ணீர் இணைப்புக்கும் ‘டீச் செலவு’ வாங்கும் கைக்கு இந்தக் கேள்வி அப்படியே பொருந்தும். அந்தப் பணத்தில் பள்ளிவாசலுக்கு மார்பிள் போட்டாலும் கேள்வி மாறாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் செய்யும் சமூக சேவை, வாரத்துக்கு நாற்பது மணி நேரம் செய்யும் அநியாயத்தைக் கழுவிவிடும் என்று நம்பிக் கொண்டிருப்பவர்கள் நம் ஸஃப்புகளிலும் இருக்கிறார்கள்.

லஞ்சம் மட்டுமல்ல, அசட்டையும் இதில் சேரும். ஏரி மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற ஒரு முடிவின் கனம் என்னவென்று 2015 டிசம்பரில் அடையாற்றுக் கரை மக்கள் அறிந்தார்கள். அறுந்து தொங்கும் மின்கம்பியைப் பற்றி வந்த புகாரும் அப்படித்தான். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது தர்மம் என்று சின்ன வயதில் மதரஸாவில் படித்தோம். அந்தத் தொல்லையை அகற்றவே சம்பளம் வாங்குகிறவர் அதை நாளைக்குத் தள்ளினால்?

ஜனாஸா தொழுகைக்கு முன் இமாம், ‘மய்யித்துக்கு யாராவது கடன் கொடுத்திருந்தால் வாரிசுகளிடம் சொல்லுங்கள்’ என்று அறிவிப்பார். பணம் கொடுத்தவர் வந்து சொல்லிவிடுவார். ஆறு மாதம் கோப்பு நகராமல் அலைந்தவர் அந்த ஸஃப்பில் இருக்கமாட்டார். அவர் அந்த ஊரே இல்லை. மய்யித்தின் பெயர்கூட அவருக்கு நினைவிருக்காது. வாரிசுகளுக்கும் அவரைத் தெரியாது, எனவே தீர்க்கவும் முடியாது. அவரைத் தேடிப் போய்த் தீர்க்கக்கூடியவர், இன்னும் ஓய்வு பெறாமல், திங்கட்கிழமை அலுவலகம் போகப்போகிற நீங்கள்தான்.