இரு கடமைகளுக்கிடையே ஒரு தாய்

நோயாளரைப் பேணுபவரை ஈழத்தில் நாம் ‘தாதி’ என்கின்றோம். தமிழகத்தார் ‘செவிலி’ என்பர். இவ்விரு சொற்களும் முதலிற் சுட்டியது நோயாளரைப் பேணுபவரையன்று, குழந்தையை வளர்ப்பவளையே. நற்றாய் வேறு, செவிலி வேறு எனத் தொல்காப்பியம் பகுத்துக் கூறும். ஆங்கிலத்தில் வழங்கும் ‘நேர்ஸ்’ என்னுஞ் சொல்லும் பாலூட்டி வளர்த்தலைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து பிறந்ததேயாகும். மகவைப் பேணுதலையும் பிணியாளரைப் பேணுதலையும் மொழி ஒன்றாகவே கண்டது எனலாம். ஆயின், ஒரே பெண் இவ்விரண்டையும் ஒரே நாளிற் செய்ய முற்படும்போது, சொல்லில் இணைந்தவை வாழ்வில் முரண்படுகின்றன. இம்முரண்பாட்டின் அறத்தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா இன்று கூர்மையாக எழும் களங்களுள் ஐக்கிய அமெரிக்க மருத்துவமனை ஒன்றாகும். அங்கு தாதியியற் கல்வியை முடித்து, உரிமப் பரீட்சையிலும் தேறிய ஒருவர் உடனே தனித்து நோயாளரைப் பொறுப்பேற்பதில்லை. அனுபவமிக்க தாதி ஒருவரின் துணையோடு சில வாரங்களோ சில மாதங்களோ பணியறி பயிற்சி பெறுகின்றார். வேலைமுறை பெரும்பாலும் 12 மணித்தியாலங்களைக் கொண்டது. வாரத்துக்கு மூன்று முறை செய்தால் அது முழுநேரப் பணியாகக் கொள்ளப்படுகின்றது. காலை 7 மணிக்குத் தொடங்கும் முறை இரவு 7 மணிக்கு முடிவுறுகின்றது. குழந்தைகளின் பகற் பராமரிப்பு நிலையங்கள் பலவோ மாலை 6 மணியளவிற் கதவடைக்கின்றன. இரண்டு சிறு குழந்தைகளையுடைய ஒரு புதிய தாதியைக் கருதுக. அவர் வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் பயிற்சி பெற விரும்புகின்றார். அவ்வாறு விரும்புவது நோயாளருக்குச் செய்யும் குறையா? முழுநேரமும் செல்வாராயின் அது குழந்தைகளுக்குச் செய்யும் குறையா?

இவ்வினா முன்னொரு காலத்தில் எழாதவாறு தடுக்கப்பட்டிருந்தது. புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பெயரால் 1860 இல் இலண்டன் சென்ற் தோமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் மாணவியர் ஓராண்டு அங்கேயே உறைந்து கற்றனர். பிரித்தானிய மருத்துவமனைகள் பலவற்றில் மணம் முடித்த தாதி பணி துறத்தல் இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை வழக்காயிருந்தது. இரு கடமைகளும் முரண்படும் என்பதை அக்காலத்தார் அறியாதிருந்தாரல்லர். தாயைக் கூடத்துக்கு வெளியே நிறுத்துவதன் மூலம் அவர்கள் அம்முரணைத் தீர்த்தனர். முரண் தீர்ந்தது போலத் தோன்றியது. உண்மையில் அதன் முழுப் பாரமும் ஒருத்திமேற் சுமத்தப்பட்டது.

அறவியலார் இதனை எங்ஙனம் நோக்குவர்? உண்மையான இரு கடமைகள் தம்முள் முரண்படா. கடமைக்குரிய காரணங்களே முரண்படும் என்பது 1797 இல் இமானுவேல் காண்ற் கூறிய நிலைப்பாடு. வலிய காரணம் வெல்லும்; மற்றையது கடமையாகாது ஒழியும். இந்நோக்கின்படி சரியாகத் தெரிவு செய்த தாய்க்கு வருந்த ஏதுமில்லை. டேவிட் ரோஸ் 1930 இல் வெளியிட்ட நூலில் முதற்றோற்றக் கடமைகள் பல உள என்றும், எது விஞ்சும் என்பதைச் சூழலே காட்டும் என்றும் கூறினார். பேர்னாட் வில்லியம்ஸ் 1965 இல் இன்னொரு படி சென்றார். தெரிவு சரியானதாயினும் கைவிடப்பட்ட கடப்பாடு மறைந்துபோவதில்லை; அது மனத்தில் எச்சமாக நிற்கும் என்பது அவர் கருத்தின் சாரம். காய்ச்சலுற்ற குழந்தையை உறவினரிடம் ஒப்படைத்து முறைக்குச் செல்லும் தாயின் அனுபவத்துக்கு அணுக்கமாக நிற்பது இம்மூன்றாவது கருத்தேயாகும்.

எனினும், எது விஞ்சும் என வினவுமுன் இரு கடமைகளின் இயல்பையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். நோயாளருக்கான கடமை ஒரு குறைந்தபட்ச எல்லையை உடையது. மருந்தின் அளவை அரைகுறையாக அறிந்த தாதியை எவரும் ஏற்கமாட்டார். அவ்வெல்லையைக் குறைத்தல் இயலாது. ஆனால் அதனை அடையும் காலத்தை நீட்டலாம். குழந்தைக்கான கடமையோ இதற்கு மறுதலையானது. இரண்டு வயதுக் குழந்தையை ஐந்தாண்டு கழித்து இரண்டு வயதுக் குழந்தையாக வளர்த்தல் இயலாது. ஆகவே அக்கடமையை ஒத்திவைக்க முடியாது. ஆனால் தந்தையோடும் சுற்றத்தோடும் பகிர்ந்து கொள்ளலாம். ஒன்று நீளத்தக்கது, மற்றையது பகிரத்தக்கது. இவ்வேறுபாட்டை மனங்கொள்வோமாயின் பகுதிநேரப் பயிற்சி அரைக் கடமை அன்று என்பது புலனாகும். முழுநேரமாகப் பன்னிரண்டு வாரம் பயில்பவர் 36 முறைகளைச் செய்கின்றார். வாரத்துக்கு இரண்டு முறை செய்பவர் அதே 36 முறைகளைப் பதினெட்டு வாரங்களில் முடிக்கின்றார். பெற்ற பயிற்சியின் அளவு ஒன்றே. காலம் மட்டும் வேறு.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. திறன் என்பது முறைகளின் கூட்டுத்தொகையன்று. இடைவெளி நீண்டால் கற்றது மங்கும், அதே நோயாளரைத் தொடர்ந்து நோக்கும் வாய்ப்பும் குறையும் என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் வருபவர்க்கு அது பெரிதும் பொருந்தும். ஆயினும் பற்றீசியா பெனர் 1984 இல் தாதியரின் வளர்ச்சியைப் புகுநர் முதல் வல்லுநர் ஈறாக ஐந்து படிகளாகப் பகுத்தபோது, நடுப்படியாகிய தகைமை நிலையை எய்த ஒத்த சூழலில் இரண்டு மூன்று ஆண்டுப் பணி வேண்டுமெனக் கண்டார் என்பது நினைக்கத்தக்கது. முழுநேரப் பயிற்சியும் பன்னிரண்டு வாரத்தில் எவரையும் அந்நிலைக்கு உயர்த்துவதில்லை. மேலும் இரவெல்லாம் குழந்தையோடு விழித்திருந்து, மூன்றாம் முறைக்கு வரும் தாதியின் தளர்ச்சியும் நோயாளருக்கு ஆபத்தே. ஆகவே அளக்கவேண்டியது வாரங்களையன்று. கையில் அமைந்த திறனையேயாகும். அத்திறன் அமையுமுன் தனித்து நிற்கமாட்டேன் எனத் துணிந்து கூறுதல் அத்தாயின் கடமை. அவ்வாறு கூறுபவரைத் தண்டியாதிருத்தல் நிறுவனத்தின் கடமை.

இங்கு நமது வினா இடம்பெயர்கின்றது. ஒன்றை நீட்டவும் மற்றையதைப் பகிரவும் கூடுமாயின், முரண்பாடு தாயின் நெஞ்சிலிருந்து எழுந்ததன்று. நீட்ட மறுக்கும் நாட்குறிப்பிலிருந்தும் பகிர மறுக்கும் இல்லத்திலிருந்தும் எழுந்தது. பகுதிநேரப் பணிக்கு எடுத்தவரையும் பயிற்சிக் காலத்தில் முழுநேரம் வருமாறு கோரும் மருத்துவமனைகள் உள. ஐக்கிய அமெரிக்காவின் 1993 ஆம் ஆண்டுக் குடும்ப, மருத்துவ விடுமுறைச் சட்டம் ஊதியமின்றிப் பன்னிரண்டு வார விடுமுறை வழங்குகின்றது. ஆனால் பன்னிரண்டு மாதம் பணி செய்தவர்க்கே அது உரியது. அப்பன்னிரண்டு மாதங்களில் 1,250 மணித்தியாலம் உழைத்திருத்தலும் வேண்டும். புதிய தாதி முதலாண்டில் அதற்கு உரியவராகார். வாரத்துக்கு 24 மணித்தியாலமாக ஐம்பத்திரண்டு வாரமும் தவறாது உழைத்தாலும் வருவது 1,248. இரண்டு மணித்தியாலக் குறைவால் ஒரு தாய் சட்டத்தின் நிழலுக்குப் புறத்தே நிற்கின்றார். இது அவரது ஒழுக்கக் குறையா?

இவ்விடத்துத் தந்தையின் நிலையையும் நோக்குதல் வேண்டும். புதிதாய்ப் பணியேற்கும் ஆண் மருத்துவரிடம் ‘குழந்தைகளை யார் பார்ப்பார்?’ என நாம் வினவுவது அரிது. வினவப்படாமையே அவருக்குக் கிடைத்த சலுகை. அச்சலுகையின் விலையை யாரோ ஒருவர் இல்லத்திலிருந்து செலுத்துகின்றார். பேணுதல் பெண்ணின் இயல்பு எனப் போற்றுவோர், பெரும்பாலும் அவ்விலையை மறைப்பதற்கே அப்போற்றுதலைப் பயன்படுத்துகின்றனர் எனலாம். கரோல் கில்லிகன் 1982 இல் வெளியிட்ட ஆய்வில், பேணும் அறம் முதிர்ச்சியடைவது பிறரோடு தன்னையும் பேணத்தக்கவருள் ஒருவராக எண்ணும்போதே எனக் காட்டினார். தன்னை முற்றாக எரித்துப் பிறர்க்கு ஒளி தருதல் அறத்தின் உச்சியன்று. விரைவில் அணையும் விளக்கால் நோயாளருக்கும் பயனில்லை, மகவுக்கும் பயனில்லை.

இறுதியாக, குற்றத்தையும் கழிவிரக்கத்தையும் நாம் வேறுபடுத்தல் வேண்டும். குழந்தையின் முதலடியைக் காணாது போன தாய்க்குக் கழிவிரக்கம் உண்டாவது இயல்பு. அது அன்பின் அடையாளம். அதனை ஆறுதல் கூறி அழிக்க முயலுதல் தகாது. ஆனால் குற்றம் வேறு. தவறு செய்தவர்க்கே அது உரியது. தாயும் தாதியும் ஒருவரே என்பதை மறந்து வேலைமுறைகளை வகுத்தவர்க்கும், இல்லத்துப் பாரத்தை ஏற்காதவர்க்கும் உரிய குற்றத்தை அவர்மேல் ஏற்றுதல் நீதியாகாது. கழிவிரக்கத்தை அத்தாய் சுமக்கட்டும், அது அவரது. குற்றத்தின் பங்கை நாம் திரும்பப் பெறுதல் வேண்டும். அப்பொழுதே, செவிலி என்னும் பழஞ்சொல்லில் ஒன்றாயிருந்த இரு பேணல்களும் ஒரு வாழ்வில் அமைதியுற வாழ இடமுண்டாகும்.