ஆறாம் நாள் பூ அடுக்குவதில்லை

ஹைதராபாத்தின் அமீர்பேட்டில் காலம் விலைக்குக் கிடைக்கும். மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் பயிற்சி நிலையப் பலகைகள் எல்லாம் ஒரே பேரத்தைத்தான் பேசுகின்றன: இத்தனை வாரம், இவ்வளவு கட்டணம், முடிவில் இன்ன மென்பொருள் கைவரும். காலை பேட்ச், மாலை பேட்ச், வார இறுதி பேட்ச். மழையானாலும் வெயிலானாலும் பேட்ச் தொடங்கும் நாள் நிலையத்தார் வைப்பதுதான். அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் பல்கம்பேட்டை எல்லம்மா கோயில். அம்மன் தரைமட்டத்துக்குக் கீழே கிணற்றில் இருக்கிறாள். ஊற்று நீரே தீர்த்தம். மழை தொடங்கும் ஆஷாட மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கல்யாணம். அலுவலகம் போகிறவர்களுக்கு வசதியாக அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. சிறு பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பருவத்துக்கேற்ற கைவேலைகளால் கற்பிக்க நினைக்கும் பெற்றோர் இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே நிற்கிறார்கள். பண்டிகையைப் பாடமாக்கலாமா என்று அவர்கள் கேட்டால், அது கல்விமுறை பற்றிய கேள்வி மட்டுமல்ல, சமயத்தைப் பற்றிய கேள்வியும்கூட. ஆக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் பாடத்துக்கு இடைஞ்சலாகத் தோன்றும் பகுதிகளை வெட்டிவிட்டு ஆக்கக்கூடாது; கற்பிப்பது பெரும்பாலும் அந்த இடைஞ்சல்தான்.

சட்டம் இதில் குறுக்கே வராது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்னும் அரசமைப்பின் 28ஆவது பிரிவு வீட்டு வாசற்படி ஏறாது. ஆகவே மூன்று, நான்கு வயதில் என்ன செய்வது என்பதை வீடே தீர்மானித்துக்கொள்ளலாம். அப்படித் தீர்மானிக்கும்போது கைக்கு முதலில் அகப்படுவது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த திட்டம்: நான்கு பருவங்கள், சிவந்து உதிரும் இலை, பனிமனிதன், வண்ணம் பூசிய முட்டை, காகித விளக்கு. தக்காணப் பாறைமேல் வளரும் பிள்ளை பனிமனிதனை வெட்டி ஒட்டுவதில் உள்ள வேடிக்கையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. வண்ண முட்டை ஈஸ்டருக்குரியது. நவம்பர் மாலையில் பிள்ளைகள் ஏந்திப்போகும் விளக்கு புனித மார்ட்டினின் திருநாளுக்குரியது. 1919இல் ஷ்டுட்கார்ட்டில் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளிகள் இவற்றைத் திருநாள்களாகவே கொண்டாடுகின்றன. நம் கைக்கு வரும் அச்சுத்தாளிலோ திருநாள் போய்விட்டது; கத்திரிக்கோலும் பசையும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. தேவாலயத்தின் ஆண்டுச் சக்கரத்துக்கு நேர்ந்த இதே கதிதான், நாம் கவனிக்காவிட்டால், தெலங்கானாவின் பூப் பண்டிகையான பதுகம்மாவுக்கும் நேரும்.

பதுகம்மாவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மகாளய அமாவாசையன்று தொடங்கி துர்க்காஷ்டமியன்று முடியும் ஒன்பது நாள். தெலங்கானாவில் மழைக்காலம் ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும் நேரம். தாம்பாளத்தின்மேல் பூக்களை வட்டம் வட்டமாக அடுக்கிக் கோபுரமாக எழுப்பி, உச்சியில் மஞ்சளால் பிடித்த கௌரம்மாவை வைத்து, பெண்கள் அதைச் சுற்றிக் கைகொட்டிப் பாடி, கடைசியில் நீரில் விடுகிறார்கள். பூக்களில் முதலிடம் தங்கேடுக்கு, அதாவது நம் ஆவாரம்பூவுக்கு. அதுவே தெலங்கானாவின் மாநில மலர். அடுத்தது குனுகு. நாம் பண்ணைக்கீரை என்று பறித்துச் சமைக்கும் செடியின் பூ அது. மானாவாரிக் காட்டில் தானாக முளைக்கும் களை. ஆண்டின் மற்ற நாள்களில் யாரும் சாமிக்கு ஏற்றாத பூக்கள், இந்த ஒன்பது நாளில் தாங்களே சாமியாகின்றன. பூப்பறிக்கும் குழந்தைக்கு இதில் கிடைக்கும் கல்வியைப் பட்டியலிடுவது எளிது: எண்ணுவது, நிறம் பிரிப்பது, பெரிய வட்டம், சிறிய வட்டம், கூம்பு, எந்தக் காம்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்பது. ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பெயர் உண்டு, தனி நைவேத்தியம் உண்டு. ஒரு நாள் அவல், ஒரு நாள் பருப்பு, ஒரு நாள் அடை. ஆனால் ஆறாம் நாள் அலிகின பதுகம்மா. அம்மன் கோபித்துக்கொண்டிருக்கிறாள்; அன்றைக்குப் பூ அடுக்குவதுமில்லை, படைப்பதுமில்லை. குழந்தைகளுக்கான எந்த வாரத் திட்டத்திலும் இப்படி ஒரு கட்டத்தை நான் கண்டதில்லை. பொருள் எல்லாம் கையில் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. ஆனாலும் இன்று இல்லை. பாடத்திட்டம் எழுதுகிறவர் முதலில் அடித்துவிடுவது இந்த நாளைத்தான்.

அதை ஏன் அடிக்கக்கூடாது என்பதற்கு நம் மரபிலேயே ஒரு விவாதம் இருக்கிறது. வேள்விச் சடங்குகளை அலசிய மீமாம்சகர்கள் நடத்திய விவாதம். வேள்விக்கான நெல்லைக் குத்த வேண்டும் என்று விதி. எதற்கு? உமி நீங்க. கண்ணுக்குத் தெரியும் பயன் ஒன்று இருக்கும்போது, தெரியாத பயனைக் கற்பித்துச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. மூடநம்பிக்கைக்காரர்கள் என்று அவர்களை ஒதுக்குபவர்கள் இந்தக் கறார்த்தனத்தை அறியாதவர்கள். ஆனால் உமியை நகத்தால் உரித்தும் நீக்கலாமே, குத்தித்தான் நீக்க வேண்டும் என்று ஏன் கட்டுப்பாடு? இங்கேதான் அவர்கள் திரும்புகிறார்கள். உமி நீங்குவது காணும் பயன். இந்த வழியில்தான் என்னும் நியமத்துக்கு உள்ளதோ காணாத பயன். பூ அடுக்குவதற்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். எண்ணும் வடிவமும் காணும் பயன். அவற்றைப் பிளாஸ்டிக் வளையங்களைக் கொண்டும் கற்பித்துவிடலாம், இன்னும் வேகமாகவே கற்பிக்கலாம். இந்தப் பூ, இந்த நாள், இந்த ஒழுங்கு, ஆறாம் நாள் இல்லை, மாலையில் நீரில் விட்டுவிடு என்கிற நியமங்களால் எண்ணறிவு ஒரு குன்றிமணிகூடக் கூடுவதில்லை. காணும் பயன் மட்டும் போதும் என்பவர் அவற்றை வெட்டிவிடலாம். அவர் செய்வதில் தவறில்லை. ஆனால் அதன்பின் அதைப் பதுகம்மா என்று சொல்லக்கூடாது. அது எண்ணும் பயிற்சி. காணாத பயன் என்று மீமாம்சகர்கள் மறுமையில் பலிப்பதைச் சொன்னார்கள். அதை இந்த வாழ்க்கைக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறேன்: உலகம் தன் விருப்பத்தை வரிசையாக நிறைவேற்றக் காத்திருக்கும் இடமல்ல என்பதைக் குழந்தை அழாமல் ஏற்கக் கற்பது. இது சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

கைவேலைக் கல்வி பற்றி நம் நாட்டில் நடந்த பெரிய யோசனைகளும் இந்த இடத்தில் பிரிகின்றன. 1937இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழில்தான் பாடத்தின் மையம், பிள்ளைகள் செய்த பொருளின் வருமானம் பள்ளிச் செலவைத் தாங்கலாம் என்றார். அங்கே பொருள் நிற்கிறது, விற்கப்படுகிறது. இன்றைய வீட்டுக் கைவேலையிலும் பொருள் நிற்கிறது. படம் எடுத்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கிறோம். சடங்கில் மட்டும், ஒரு முழு நாளின் உழைப்பு முடிந்த மாலையே கைவிட்டுப் போகிறது. மறுநாள் மீண்டும் முதல் வட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். தாகூர் இதை வேறு விதமாகக் கண்டுகொண்டார். 1928இல் அவர் சாந்திநிகேதனில் மரம் நடும் விழாவையும் ஸ்ரீநிகேதனில் ஏர் பூட்டும் விழாவையும் ஏற்படுத்தினார். எந்தத் தெய்வத்தின் சிலையும் இல்லை. ஆனால் நாள் உண்டு, பாட்டு உண்டு, ஊர்வலம் உண்டு, கன்று மண்ணுக்குக் கொடுக்கப்படுகிறது. சிலையை விட்டவர் நியமத்தை விடவில்லை. நாத்திக வீடும் பருவச் சடங்கு செய்யலாமா என்று கேட்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நாத்திக வீட்டின் ஐயம் அவ்வளவு லேசானதல்ல. ஏன் என்று கேட்கத் தெரியாத வயதில் ‘இப்படித்தான்’ என்று பழக்குவது கீழ்ப்படிதலைப் பழக்குவதாகாதா? பெரியார் பிறந்த மண்ணிலிருந்து போனவர்கள் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. இதற்குப் பலர் வைத்திருக்கும் தயார் பதில் அறிவியல்: அந்தப் பூக்கள் ஏரி நீரைச் சுத்திகரிக்கின்றன, ஆகவே முன்னோர் செய்தார்கள் என்பது. என் கணிப்பில் இது மிக மோசமான பதில். நிரூபிக்காததை நிரூபித்ததாகச் சொல்லும் பழக்கம் பிள்ளைக்கு வருகிறது. கூடவே, நாளைக்குச் சுத்திகரிப்பு நிலையம் வந்ததும் சடங்குக்கு வேலையில்லாமல் போகிறது. நேர்மையான பதில் சிறியது: இன்றைக்கு எல்லாரும் சேர்ந்து செய்கிற நாள், நீ வேண்டாமென்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார். கதையை நம்பச் சொல்ல வேண்டியதில்லை. தேவதைக்கு உடல் உண்டு, அது உண்டு மகிழ்கிறது என்பதை மீமாம்சை உரைகாரர் சபரரே மறுத்திருக்கிறார். செயலின் ஒழுங்குதான் அவருக்கு முக்கியம். ஆனால் அதே மரபு வேள்வி செய்யும் தகுதியைச் சூத்திரருக்கு மறுத்தது; எல்லாருக்கும் தகுதி உண்டு என்ற, பாதரி என்னும் ஆசிரியரின் கட்சியை மீமாம்சையின் மூலநூலான ஜைமினியின் நூலே பதிவு செய்துவிட்டுத் தள்ளிவைக்கிறது. நியமத்தின் பெருமையைப் பேசுகிறவன் இந்த வேலியையும் சொல்லியாக வேண்டும். யாரை வட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறோம் என்று பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வியும் பாடத்துக்குள்தான். நேரத்தைக் கட்டும் நியமத்தை ஏற்கலாம், ஆளை விலக்கும் நியமத்தை உடைக்கலாம். இரண்டும் ஒரே கயிறு அல்ல.

நகரத்தில் இதெல்லாம் வேடம்தானே என்பது அடுத்த மறுப்பு. அமீர்பேட் அடுக்ககத்துக் குழந்தை எந்தக் காட்டில் போய் குனுகு பறிக்கும்? பூ சந்தையிலிருந்து வருகிறது, அதிலும் சாயத்தில் முக்கி எடுத்த குனுகுக் கட்டு. உண்மை. ஆனால் சாலையோரம் குவிந்த அந்தக் கட்டுகள் ஆண்டில் சில நாள் மட்டுமே வரும். அடுத்த வாரம் கேட்டால் இல்லை. சந்தைகூடப் பருவத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்பது நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் மெய்யான பாடம். அங்கே குடியேறிய தமிழ் வீட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. புரட்டாசியில் பதுகம்மாவில் பார்த்த ஆவாரம்பூவை அந்தப் பிள்ளை, பொங்கலுக்கு ஊருக்குப் போனால், வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டுகையில் கூரையில் பார்க்கும். உகாதிக்கும் சித்திரை முதல் நாளுக்கும் தேதி வேறு. ஒன்று சந்திரக் கணக்கு, ஒன்று சூரியக் கணக்கு. இரண்டு வீட்டுப் பச்சடியிலும் போடுவது வேப்பம்பூதான். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, தெய்வத்தையே உணவு, மரம், பறவை, பறை, தொழில் இவற்றோடு கருப்பொருளில் சேர்த்த தொல்காப்பியத்தின் பார்வை இத்தகைய இடத்தில் விளங்கும். வீட்டுக் கல்விக்கு இதில் ஓர் எல்லையும் இருக்கிறது. பதுகம்மாவைத் தாயும் பிள்ளையும் மட்டும் வரவேற்பறையில் சுற்றிவர முடியாது. பள்ளியை விட்ட வீடு, அக்கம்பக்கத்தை விட்டால் சடங்கையும் விட்டதாகவே ஆகும். அடுக்ககத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக வரும் மறுப்பு என் வாதத்தையே திருத்தவைத்தது. பருவமும் சமயமும் இப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்றால், பருவத்தோடு தன்னைக் கட்டிக்கொள்ளாத சமயத்தை என்ன செய்வது? ஹைதராபாத்தில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இஸ்லாமிய ஆண்டு சந்திரனை மட்டும் கணக்கில் கொள்கிறது. இடையில் மாதம் சேர்த்துப் பருவத்தோடு ஒட்டவைக்கும் வழக்கத்தை அது வேண்டுமென்றே விலக்கியது. அதனால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வந்து, சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. 2010இல் புவிசார் குறியீடு பெற்ற ஹைதராபாத் ஹலீம் ஒரு தலைமுறைக்கு வெயில்கால உணவு, இன்னொரு தலைமுறைக்குக் குளிர்கால உணவு. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒருமுறை, டிசம்பர் கடைசியில் மறுமுறை என்று இரண்டு ரமலான்கள் தொடங்கும். ஆகவே சடங்கு கற்பிப்பது பருவத்தை என்று சொன்னால் பாதிதான் சரி. பூவும் மழையும் அந்தக் கல்வி வரும் வழிகளில் ஒன்று. நம் கையில் இல்லாத காலத்துக்கு நாளை ஒப்புக்கொடுப்பதே அதன் உள்ளடக்கம். ஆவாரம்பூ ஒரு விதமாக அதைச் சொல்கிறது, 29ஆம் நாள் மாலை பிறை தெரிந்தால்தான் நாளைக்குப் பெருநாள் என்பது வேறு விதமாகச் சொல்கிறது. ஆண்டுத் திட்டம் எழுதும் வீடு, பெருநாள் தேதியைப் பென்சிலால் குறித்துவைத்துவிட்டு, எதிர்வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.