நாம் கேட்கும் கேள்வியும் நம்மைக் கேட்கும் கேள்வியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போய்க் கொண்டிருந்தோம். பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் நம் தொப்பியைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார். சற்று நேரம் பேசிக் கொண்டு வந்த பிறகு, "பாய், தமிழ் ரொம்ப நல்லாப் பேசுறீங்களே! வீட்டிலே உருதுதானே?" என்று கேட்டார்.

கேட்டவர் மனத்தில் கெடுதல் இல்லை. மரியாதையோடுதான் கேட்டார். ஆயினும் அந்த ஒரு கேள்வி, பிறந்த மண்ணிலேயே நம்மை விருந்தாளியாக்கி விட்டது. தமிழ் நமக்குத் தாய்மொழி. உம்மாவின் தாலாட்டில் கேட்டது அது. துஆக் கேட்கும் போதும் நம் உள்ளத்தில் ஊறுவது அதுவே.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்குச் சரித்திரம் இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்களின் திருச்சரிதையை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் செய்யுட்களில் பாடியவர் உமறுப் புலவர். அப்பணிக்குத் துணை நின்ற வள்ளல் சீதக்காதி நம் கீழக்கரையைச் சேர்ந்தவர். அந்த ஊரின் பழைய ஜும்ஆப் பள்ளி, கோயில் கட்டிய சிற்பிகளின் மரபிலே கல்லால் எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அதே ஊரில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள், பெண்களும் மார்க்கச் சட்டங்களைப் படித்தறியும் வண்ணம் அரபுத் தமிழில் நூல் செய்தார்கள். எழுத்து அரபு, மொழி தமிழ். ஒவ்வொரு தூதரையும் அவருடைய சமுதாயத்தாரின் மொழியிலேயே அனுப்பியதாக அல்லாஹ் தஆலா தன் திருமறையில் (14:4) அறிவிக்கிறான் அன்றோ? அப்படியிருக்க, ஒரு முஸ்லிம் தமிழ் பேசுவதில் வியப்பென்ன இருக்கிறது?

ஆனால் மக்கள் மனத்தில் ஓர் அச்சு இருக்கிறது. முஸ்லிம் என்றால் இன்ன மொழி, இன்ன உணவு, இன்ன தொழில் என்று வார்த்து வைத்திருக்கிறார்கள். "பாய் வீடா? அப்போ தினம் பிரியாணிதான்!" என்கிறார்கள். மீனும் சோறுமாக வாழும் கடற்கரைக் குடும்பம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

தொப்பியும் பின்வரிசையும்

இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் தம் சுயசரிதையில் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் அவர் தொப்பி அணிந்து முதல் வரிசையில் அமர்ந்திருப்பார். பக்கத்தில் அவருடைய நண்பர், கோயில் அர்ச்சகரின் மகன், பூணூல் அணிந்தவர். புதிதாக வந்த ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. கலாமை எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பினார். நண்பர் அழுதார். செய்தி அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரிகளுக்குப் போயிற்று. அவர் ஆசிரியரை அழைத்து, பிஞ்சு உள்ளங்களில் வேற்றுமை நஞ்சைக் கலக்க வேண்டாம் என்று கண்டித்தார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார்.

அந்த ஆசிரியர் பிள்ளையைப் பார்க்கவில்லை, தொப்பியைப் பார்த்தார். இதே கலாம் அவர்கள் 2002-இல் நாட்டின் குடியரசுத் தலைவரான பிறகும் அச்சு அவரை விட்டதா? இல்லை. அவர் மரக்கறி உண்டார், வீணை வாசித்தார் என்பதால், "இவர்தாம் நல்ல முஸ்லிம்; மற்றவர்கள் அப்படியல்லர்" என்றனர் சிலர். நம்மவரிலேயே சிலரோ, "இவர் நம்மவர்தானா?" என்று ஐயப்பட்டனர். ஒருவர் அவரை நம்மை அளக்கும் கோலாக்கினார். மற்றவர் அவருடைய ஈமானையே அளக்கத் துணிந்தார். உள்ளத்தை அளக்கும் உரிமை அல்லாஹ் ஒருவனுக்கே உரியது என்பதை இருசாராரும் மறந்தனர்.

இதுவரை பிறர் நம்மைப் பற்றிக் கேட்பதைச் சொன்னோம். அதோடு நிறுத்திக் கொண்டால் இது வெறும் புலம்பலாகி விடும். நாம் பிறரைப் பற்றிக் கேட்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் நாவில் ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன் நம் உறவில் ஒரு கலியாண வீடு. பெண்கள் கூடியிருந்த இடத்தில் நம் பேத்தி ஓடி வந்தாள். ஏழு வயது. நல்ல கறுப்பு, சுருட்டை முடி. ஒரு மூதாட்டி அவளை அருகில் இழுத்து, "இது என்ன, காப்பிரி மாதிரி இருக்கு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அல்லாஹ் மன்னிப்பானாக, நாமும் சிரித்தோம்.

மறுநாள் ஓதப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை, "அப்பா, பிலால் நாயகமும் காப்பிரியா?" என்று கேட்டாள்.

பாட்டனாரை அப்பா என்றழைப்பது நம் பக்கத்து வழக்கம். பேத்தி அழைத்தாள், பாட்டனாரால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அரபியில் 'காஃபிர்' என்றால் இறைவனை மறுப்பவன். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இஸ்லாத்தைத் தழுவாத மக்களை அரபு வணிகர்கள் அவ்வாறு அழைத்தார்கள். போர்ச்சுக்கீசியர் அதைக் கேட்டு, கறுப்பு நிறத்தவர்க்கெல்லாம் பெயராக்கிக் கொண்டார்கள். அடிமைகளாகவும் போர் வீரர்களாகவும் அம்மக்களைக் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டு வந்தார்கள். பின்வந்த டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதையே தொடர்ந்தனர். அவர்கள் வழிவந்தோர் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களின் ஆட்டமும் பாட்டும் உலகுக்குத் தெரியும். அவர்கள் பட்ட பாடு எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே, ஒரு முஃமினான பிள்ளையை அதன் நிறத்துக்காக நாம் 'காப்பிரி' என்னும் போது, வேர்ப் பொருளில் அதை 'காஃபிர்' என்றே அழைக்கிறோம்! தெரியாமல் சொன்னோம் என்பது உண்மைதான். இனித் தெரிந்து விட்டது.

ஜாஹிலிய்யத்தின் எச்சம்

நிறங்களும் மொழிகளும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையில் (30:22) எண்ணிக் காட்டுகிறான். அத்தாட்சியைக் கண்டால் சிந்திக்க வேண்டும், நாமோ சிரிக்கிறோம். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கும் வசனம் (49:11) வந்து, ஒரு வசனம் விட்டு அடுத்ததாகவே, இறையச்சம் மிக்கவரே அல்லாஹ்விடம் கண்ணியம் மிக்கவர் என்னும் வசனம் (49:13) வருகிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள். நாவைத் திருத்தாமல் சமத்துவம் பேசுவதில் பயனில்லை.

அபூதர் (ரலி) அவர்கள் பெரும் ஸஹாபி. ஒருமுறை சினத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இகழ்ந்து விட்டார்கள். கறுப்புத் தாயின் மகன் என்று இகழ்ந்ததாகவும், அவ்வாறு இகழப்பட்டவர் பிலால் (ரலி) அவர்களே என்றும் அறிவிப்புகள் உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் அபூதரை நோக்கி, அவரிடம் இன்னும் ஜாஹிலிய்யத் எஞ்சியிருப்பதாகக் கண்டித்தார்கள். அவ்வளவு பெரிய ஸஹாபிக்கே அந்தக் கண்டனம் என்றால், கலியாண வீட்டில் சிரித்த நம் நிலை என்ன?

மக்காவில் கொடுமை தாங்க முடியாத முஸ்லிம்களுக்கு முதன்முதலில் அடைக்கலம் தந்தது கறுப்பர்களின் நாடாகிய அபிசீனியா. ஹிஜ்ரி 10-இல் ஹஜ்ஜத்துல் விதாவின் போது, அரபியருக்கு அரபியர் அல்லாதவரை விடவோ, வெள்ளையருக்குக் கறுப்பரை விடவோ தக்வாவைக் கொண்டன்றி உயர்வில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துச் சென்றார்கள். அதை மேடையில் முழங்குகிறோம். பெண் பார்க்கப் போகும் வீட்டில், "நல்ல குடும்பம்தான், பிள்ளை கொஞ்சம் கறுப்பு" என்று முகம் சுளிக்கிறோம்.

புகழ்ச்சியும் ஓர் அச்சுதான்

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இகழ்ச்சி மட்டுமே மனிதனைச் சிறுமைப்படுத்தும் என்று எண்ணாதீர்கள். "கறுப்பர்களா? நன்றாக ஓடுவார்கள், நன்றாகப் பாடுவார்கள், நன்றாகக் குத்துச்சண்டை போடுவார்கள்" என்கிறோம். பாராட்டுப் போலிருக்கும். ஆனால் உடலையும் குரலையும் அவர்களுக்கு விட்டுவிட்டு, அறிவை நாம் பிடுங்கிக் கொள்கிறோம். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளை புத்தகமும் கையுமாக இருந்தால், "நீ வெள்ளைக்காரன் போல நடக்கிறாய்" என்று சொந்த இனத்தாரே கேலி செய்வதுண்டாம். பிறர் வார்த்த அச்சைத் தாமே எடுத்துத் தம் பிள்ளைகள் மேல் கவிழ்ப்பது எத்தகைய கொடுமை!

முகம்மது அலி அவர்கள் 1980-இல் சென்னைக்கு வந்த போது மக்கள் அவருடைய கைகளைக் காணத் திரண்டார்கள். ஆனால் அவருடைய பெரிய வீரம் 1967-இல் வெளிப்பட்டது. வியட்நாம் போருக்குச் செல்லத் தம் மார்க்கம் இடந்தராது என்று மறுத்து, பட்டத்தையும் தொழிலையும் இழக்கத் துணிந்தாரே, அதுவே வீரம். 1556-இல் பிறந்து மாலி நாட்டின் திம்புக்டு நகரில் வாழ்ந்த அஹ்மத் பாபா என்னும் ஆலிமின் நூலகத்தில் 1,600 நூல்கள் இருந்தன. கறுப்பு நிறமே அடிமைத்தனத்தின் அடையாளம் என்ற எண்ணத்தை அவர் மார்க்கச் சட்டத்தைக் கொண்டே மறுத்து எழுதினார். நைஜீரியாவின் நானா அஸ்மாவு (1793-1864) அரபியிலும் தம் நாட்டு மொழிகளிலும் பாடல்கள் இயற்றியவர். ஊர் ஊராகப் பெண்களுக்குக் கல்வி புகட்டும் ஆசிரியைகளை உருவாக்கியவர். இவர்களில் எவர் அந்த அச்சுக்குள் அடங்குவார்?

பிலால் (ரலி) அவர்களையே எடுத்துக் கொள்வோம். நாம் அவர்களை ஒரு குரலாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அவர்கள் பத்ருப் போரில் நின்றவர்கள். பெருமானாரின் வீட்டுச் செலவுகளைக் கவனித்து வந்த நம்பிக்கைக்குரியவர்கள். சுவர்க்கத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டது பிலாலின் பாங்கோசையன்று, காலடி ஓசை. என்ன அமல் செய்தீர் என்று வினவிய போது, உளூச் செய்யும் போதெல்லாம் தம்மால் இயன்ற அளவு தொழுவதைத்தான் அவர்கள் கூறினார்கள். எவரும் காணாத அமல் அது.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, அந்தச் சொல்லை நம் வீடுகளிலிருந்து அப்புறப்படுத்துவோம். கறுப்பு என்பதை ஒரு குறையாகச் சொல்லும் பழக்கத்தையும் அதனுடன் அனுப்பி விடுவோம்.

இரண்டாவது, "முஸ்லிம் பிள்ளை மாதிரியா இருக்கே?" என்று பிள்ளைகளைக் கேட்குமுன் சற்று யோசிப்போம். ஹலாலும் ஹராமும் அல்லாஹ் வகுத்த எல்லைகள். அவற்றில் விட்டுக் கொடுப்பதற்கில்லை. ஆனால் ஊர் வழக்கத்தை எல்லாம் மார்க்கமாக்கி விடக் கூடாது. வானநூல் படிக்க விரும்பும் பெண்ணும், தமிழில் ஆய்வு செய்ய விரும்பும் பையனும் தீனை விட்டு வெளியேறவில்லை.

மூன்றாவது, பஸ்ஸில் கேள்வி கேட்பவரிடம் சினம் வேண்டாம். நன்மையைக் கொண்டே தீமையைத் தடுக்கச் சொல்கிறது நம் வேதம். அந்தப் பெரியவரிடம் உமறுப் புலவரைப் பற்றிச் சொன்னோம். மானாமதுரை வரும் வரை ஆர்வத்தோடு கேட்டு வந்தார்.

நான்காவது, தவ்பா. அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அவன் மன்னிப்பான். அடியாருக்குச் செய்த குற்றத்துக்கு அந்த அடியாரிடமே மன்னிப்புப் பெற வேண்டும். அவர் ஏழு வயதுப் பிள்ளையானாலும் சரி. அன்றிரவு பேத்தியை மடியில் இருத்தி, "அப்பா சிரிச்சது தப்பு, மாப்புக் கொடு" என்று கேட்டோம். பிள்ளை நம் தாடியை வருடிவிட்டு, "கொடுத்துட்டேன். பிலால் நாயகம் கதையை முழுசாச் சொல்லுங்க" என்றாள். இஷாத் தொழுகை வரை சொன்னோம்.

வல்ல நாயன், நாவால் பிறரைப் புண்படுத்தும் பாவத்திலிருந்து நம்மைக் காப்பானாக! அவன் படைத்த நிறங்களிலும் மொழிகளிலும் அவனுடைய அத்தாட்சியைக் காணும் கண்களைத் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.