நிறம் கேட்டு வருபவள்

திருப்பூரில் துணிக்குச் சாயம் ஏற்றுமுன் அதன் இயல்பான பழுப்பை நீக்கியாக வேண்டும். அதற்குப் பெரிதும் பயன்படுவது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதே பொருள்தான், செறிவு குறைந்த வடிவில், அவ்வூரின் அழகு நிலையங்களில் பெண்களின் முகத்தில் பூசப்படுகிறது. இரண்டிடத்திலும் அதற்குப் பெயர் பிளீச். சாயமேறிய துணி, வாங்குபவர் அனுப்பிய ஷேடுக்கு ஒத்துவராவிடில் தள்ளப்படும். பெண் பார்க்கும் சடங்கிலும் அத்தகைய தள்ளுபடி உண்டு என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

அழகுக்கலை கற்பது வீண் பகட்டல்லவா என்று கேட்போர் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டில் கற்றுத் தேறக்கூடிய தொழில் அது. பனியன் கம்பெனியில் நாள் முழுதும் தைத்துக் களைத்த பெண்ணொருத்தி, தனக்கென இரண்டு நாற்காலிகளும் ஒரு கண்ணாடியும் உள்ள நிலையம் வேண்டுமென ஆசைப்பட்டால், அதில் குறை காண நாம் யார்? பிறர் தலைமயிரைத் தொட்டவரைத் தாழ்த்தி வைத்த ஊர்கள் நம்முடையவை. அவர்கள் வீட்டுப் பெண்கள்தாம் நம் பாட்டிமாருக்குப் பேறுகாலம் பார்த்தார்கள். அதே வேலை குளிரூட்டிய அறைக்குள் போனதும் கலையாகிவிட்டது! திரைத்துறையிலோ கதை வேறு. அங்கே பெண்கள் முடி அலங்காரம் செய்யலாம். ஒப்பனை ஆண்களுக்கே உரியது என்று தொழிற்சங்கம் விதித்திருந்த தடையை உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில்தான் நீக்கியது.

உண்மையான கேள்வி நாற்காலியில் பிறக்கிறது. திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ஒருத்தி வருகிறாள். "அக்கா, எப்படியாவது கொஞ்சம் கலராக்கி உடுங்க" என்கிறாள். பயிற்சி பெற்றவளுக்கு விடை தெரியும். பிளீச் வெளுப்பது பெரும்பாலும் முகத்தின் பூனைமுடியை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் பழைய முகமே திரும்பிவிடும். விரைவில் வெளுக்கும் என்று கடைகளில் விற்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. அது தோலை மெலியச் செய்து, பருக்களையும் தேவையற்ற முடியையும் வரவழைக்கும்.

உண்மையைச் சொன்னால் அவள் அடுத்த கடைக்குப் போவாள். வாடகையோ மாதந்தோறும் வரும். கேட்டதைக் கொடுத்து அந்த ஒரு நாளாவது அவளை மகிழ்விப்பது இரக்கமல்லவா என்று வாதிடலாம். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது. கொள்கை பேசி அவளைத் திருப்பி அனுப்பும் நமக்கு இழப்பேதும் இல்லை. மணப்பந்தலில் மாப்பிள்ளை வீட்டாரின் பார்வைக்கு முன் நிற்கப் போகிறவள் அவள். ஆயினும் அவளைக் கறுப்பென்று தள்ளியவர்களின் தீர்ப்பைத் தன் கையாலேயே முகத்தில் பூசுகிறவள் இரக்கம் காட்டுகிறாள் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையை உதறியது. கேட்டு வருபவளின் ஏக்கமோ பெயரோடு போகவில்லை.

முடிச்சாயம் ஒவ்வாமை தருமா என்றறியக் காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் காத்திருக்கப் பயிற்சியில் கற்பிக்கிறார்கள். மருந்தின் தீங்கிலிருந்து காக்க அத்தனை பொறுமை! நிறம் கேட்டு வருபவளிடம் பேச அதில் கால் பங்கு நேரம் போதும். கேட்டபின் சிலர் எழுந்து போவார்கள். சிலர் சற்று நேரம் கண்ணாடியைப் பார்த்திருந்துவிட்டு, புருவத்தை மட்டும் திருத்தச் சொல்வார்கள்.