பத்தொன்பது நாட்கள்

வருடந்தோறும் நமது ஆலய மலருக்குத் திருப்பணி விபரமும் திருவிழா வரவு செலவும் எழுதிக் கொடுப்பது எனது வழக்கம். இம்முறை மலர்க்குழுப் பிள்ளைகள், "கணக்கு போதும் ஐயா, ஆன்மீகமா ஏதாவது எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். ஆன்மீகம் பேசுமளவு படிப்பு எனக்கில்லை. முப்பத்தேழு வருடம் அரசாங்கக் கோவைகளைக் கட்டி அவிழ்த்த எழுதுவினைஞன் நான். ஆனாலும் சென்ற ஆண்டு எனது வீட்டில் பத்தொன்பது நாட்கள் என்னை விட்டு அகலாத சில கேள்விகள் உண்டு. அவற்றையே அடியார்கள் முன் வைக்கின்றேன்.

வைகாசித் திருவிழா முடிந்து, கொடியிறக்கி, அன்னதானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த அன்றிரவு எனது மனைவி, "என்னாங்க, ஒன்னு சொல்லணும், பயப்படாதீங்க" என்றாள். இடது மார்பில் ஒரு கட்டி. கடலை அளவு. நோவு கிடையாது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "பொங்கலுக்கு அப்புறம் குளிக்கிறப்ப தட்டுப்பட்டுச்சு" என்றாள். நான்கு மாதம்! அறுபத்துநான்கு வயதுப் பெண், தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவள், எத்தனையோ இளம் தாய்மாரைக் கையைப் பிடித்து கிளினிக்கிற்கு இழுத்துச் சென்றவள், தனக்கென்று வந்தபோது வாய் திறக்கவில்லை. கோபித்துக்கொண்டேன். "திருவிழா வேலைய போட்டுட்டு என்னைய தூக்கிக்கிட்டு ஓடுவீங்க. அதோட, இந்த வயசுல போயி ஆம்பள டொக்டர்கிட்ட காட்டணுமான்னு இருந்துச்சு" என்றாள். இரண்டாவது காரணம்தான் உண்மையான காரணம் என்பது எனது ஊகம். நமது மலைகளில் எத்தனை வீடுகளில் இந்த வெட்கம் காலத்தைத் தின்றிருக்கின்றது என்பதை அம்பாளே அறிவாள்.

அடுத்த கிழமையே பெரகலைச் சந்தியில் பஸ் மாறி, ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைக்குப் போனோம். ஸ்கான் எடுத்தார்கள், மெமோகிராம் எடுத்தார்கள். பிறகு மரப்பூசி போட்டு, கட்டிக்குள் ஊசி செலுத்திச் சில துணுக்குகளை எடுத்தார்கள். இதைத்தான் பயொப்சி என்கின்றார்கள். மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் வயது ஏற ஏறச் சந்தேகமும் ஏறும், ஆகையால் பார்க்காமல் விடுவதில்லை என்று வைத்தியர் விளக்கினார். ரிப்போட் வர மூன்று கிழமையளவு செல்லலாம் என்றார்கள்.

"ஒரு சின்னத் துணுக்கைப் பார்க்க மூன்று கிழமையா?" என்று எனக்குள் பொருமினேன். மற்றவர்களைக் காக்க வைத்தே சம்பளம் வாங்கியவனுக்குத் தான் காத்திருக்கும்போது மட்டும் பொறுமை இருக்காது போலும். ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவரிடம் கேட்டபோதுதான் விடயம் விளங்கியது. எடுத்த சதையை முதலில் போமலின் திரவத்தில் ஊற வைக்க வேண்டும். மார்புச் சதையென்றால் குறைந்தது ஆறு மணித்தியாலமாவது ஊற வேண்டுமாம். பின்னர் நீரை அகற்றி, உருகிய மெழுகில் பதித்து இறுக விட்டு, தலைமுடிக் கனத்தில் இருபதில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயமேற்ற வேண்டும். ஊதாச் சாயம் மத்திய அமெரிக்கப் பக்கத்து மரமொன்றின் வைரத்திலிருந்து வருவது. அதோடு இளஞ்சிவப்புச் சாயமும். அதற்குப் பிறகே வைத்தியர் ஒருவர் நுணுக்குக்காட்டியில் கண் வைக்கின்றார். சந்தேகமென்றால் மீண்டும் சீவல். புற்றுநோயென்றால் எந்த மருந்துக்கு அது பணியும் என்று அறிய மேலும் சோதனைகள். ஒரு வைத்தியர் மேசையில் எத்தனை ஊர்ப் பெண்களின் கண்ணாடித் துண்டுகள்! இதைக் கேட்டபின் கோபம் அடங்கியது. பயம் அடங்கவில்லை.

அந்தப் பயத்தின் நடுவில்தான் முதலாவது கேள்வி வந்தது. பதுளையிலிருந்து திரும்பிய அன்று மாலை நமது சந்நிதியில் நின்று, "தாயே, அது கெட்ட கட்டியாக இருக்கக் கூடாது" என்று வேண்டினேன். வேண்டி முடிக்குமுன்பே மனதுக்குள் ஒரு குரல்: அந்தத் துணுக்குகள் காலையிலேயே போத்தலுக்குள் போய்விட்டன. அதில் இருப்பது இருப்பதுதான். கையெழுத்தாகி, முத்திரை குத்தி, தபாலிலும் சேர்த்தாகிவிட்ட கடிதத்தை மாற்றித் தரும்படியா கேட்கின்றாய்?

அலுவலகத்தில் இதை நான் பலமுறை பார்த்திருக்கின்றேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுக் கடிதம் அனுப்பிய பின்னும், அது தெரியாமல் ஒரு மனிதர் என் மேசைக்கு முன் நின்று கெஞ்சுவார். எனக்கு முடிவு தெரியும், அவருக்குத் தெரியாது. அம்பாளுக்கு முன் நான் நின்றதும் அப்படித்தானா? சர்வ வல்லமை உள்ளவளுக்கு முடிந்ததை மாற்றவும் முடியும் என்று சொல்லலாம். மறுக்க நான் யார்? ஆனால் என் மனம் அதில் தங்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். முடிவு நல்லதாக வந்தால் அடுத்த திருவிழாவில் பாற்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "நல்லதா வந்தாதானா? கெட்டதா வந்தா ஆத்தாளுக்கு ஒன்னும் இல்லையா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. தர்மகர்த்தாவாக இருந்து எத்தனை நேர்த்திகளைக் கொப்பியில் பதிந்திருக்கின்றேன்! ஒன்றிலாவது இந்தக் கேள்வியை நான் எழுப்பியதில்லை.

"சரி, நீ என்ன கேட்கிற?" என்றேன். "மகளுக்கு போன்ல சொல்லுற நேரம் எனக்கு அழுகை வரக் கூடாது. அது போதும்" என்றாள்.

பல நாள் யோசித்தபின் இதன் ஆழம் எனக்குப் பிடிபட்டது. நமது சைவ சமயம் வினையை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பகுக்கின்றது. கட்டிக்குள் இருப்பது பிராரத்தம் போன்றது, அம்பு வில்லை விட்டாகிவிட்டது. அந்தப் பத்தொன்பது நாளில் நாம் என்ன நினைக்கின்றோம், எப்படிப் பேசுகின்றோம், யாரைக் கடிகின்றோம் என்பதெல்லாம் ஆகாமியம். அது இன்னும் நம் கையில். நான் முடிந்த கடிதத்தைப் பற்றி வேண்டினேன். அவள் இன்னும் எழுதப்படாத கடிதத்தைப் பற்றி வேண்டினாள். எட்டாம் வகுப்புப் படித்தவள்.

வினை என்று சொன்னதால் ஒன்றைக் கண்டிப்பாக எழுத வேண்டும். விடயம் கசிந்ததும் வீட்டிற்கு வந்த ஓர் உறவுப் பெண், "எந்த தோஷமோ, என்ன குத்தமோ" என்று இழுத்தார். சைவத்தின் பெயரால் இப்படிப் பேசுபவர்கள் அப்பர் சுவாமிகளின் சூலை நோயை உதாரணம் காட்டுவார்கள். அவர்கள் பெரியபுராணத்தை ஒழுங்காகக் கேட்க வேண்டும். வயிற்று வலியால் துடித்து வந்த தம்பியிடம் திலகவதியார் "என்ன பாவம் செய்தாய்?" என்று விசாரிக்கவில்லை. திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு உடன் அழைத்துப் போனார். நோயாளியின் முன் நமக்குள்ள சமயக் கடமை அவ்வளவுதான். பகவான் ரமண மகரிஷிக்கு இடக்கையில் வந்த கட்டி 1949இல் புற்றுநோயென்று தெரிந்து, நான்கு முறை சத்திரசிகிச்சை செய்தும் திரும்பத் திரும்ப வந்து, 1950 ஏப்ரல் 14இல் அவர் மகாசமாதியடைந்தார். அவர் என்ன தோஷம் செய்தார்? அடியார்கள் கலங்கிக் காத்திருந்த அந்த மாதங்களிலும் அவர் தரிசனம் கொடுப்பதை நிறுத்தவில்லை என்பார்கள். நாம் ரமணர் அல்லர், நமக்கு இரவில் நித்திரை வராது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதுளையில் என்னோடு வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவர் நித்திரையின்மையைப் பற்றி வேறொன்று சொன்னார். புத்த பகவான் இரண்டு அம்புகளைப் பற்றிப் போதித்திருக்கின்றார்: முதலாவது அம்பு உடம்பில் தைக்கும் வேதனை; இரண்டாவது அந்த வேதனையை நினைந்து மனம் தானே தைத்துக்கொள்வது. "உங்கள் வீட்டில் முதலாவது அம்பு இன்னும் வந்ததா என்றே தெரியவில்லை, இரண்டாவதை நீங்கள் தினமும் எய்கின்றீர்கள்" என்றார். நியாயமான பேச்சு. கேட்டபின்பும் அன்றிரவு இரண்டு மணிக்கு விழித்துத்தான் கிடந்தேன்.

அப்படி விழித்துக் கிடந்த இரவுகளில் நான் காக்க வைத்த முகங்கள் வந்தன. 1948இல் பறிபோன குடியுரிமைக்காக நமது பாட்டன்மார் காத்திருந்தார்கள். 1964 ஒப்பந்தத்தின் பின் அங்கா இங்கா என்று தெரியாமல் அப்பன்மார் காத்திருந்தார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை முடிவில்லை. அந்தக் கடதாசிகளுக்காக வந்தவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்ற வார்த்தையை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கோவை மேசையிலேயே இருந்திருக்கும், தேடச் சோம்பலாக இருந்திருக்கும். ஒரு நாட்கூலியை இழந்து கீழே இறங்கி வந்த மனிதர் மறுபடியும் மலையேறுவார். அது ஒரு சிறு தவறு என்றே ஓய்வுபெறும் வரை நினைத்திருந்தேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதியையும் நம் பிரதேசத்தில் யாரும் மறக்கவில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய அந்த நாட்களில், பாடசாலை முகாமில் பெயர்ப்பட்டியல் எழுத என்னையும் அனுப்பியிருந்தார்கள். மண் தோண்டும் பக்கமே பார்த்து நின்றவர்களில் ஒருவர் மூன்றாம் நாள் என்னிடம், "உசுரோட வேணாம் சார். இருக்கா, இல்லையான்னு சொன்னா போதும்" என்றார். அவருக்கு அந்தப் பதில்கூடக் கடைசிவரை கிடைக்கவில்லை. பலருடைய உடல்கள் இன்றும் அந்த மண்ணுக்குள்தான். எங்களுக்கோ ஒரு திகதி கொடுக்கப்பட்டிருந்தது. அந்த நாளில் ஒரு பதில் வரும். இது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பது அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தபோதுதான் உறைத்தது.

இனி நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் வைத்தியரிடம், "முடிவை முதலில் என்னிடம் சொல்லுங்கள் சேர், அவளுக்கு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்" என்று கேட்டிருந்தேன். நமது குடும்பங்களில் இது அன்பின் இலக்கணம் என்றே கருதப்படுகின்றது. வைத்தியர், நோயாளி கேட்டால் மறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எப்படியோ இது அவள் காதுக்குப் போனது. சத்தம் போடவில்லை. "நாலு மாசம் நான் தனியா சொமந்தேன். நீங்க ரெண்டு நாள் மறைச்சு எனக்கு என்னத்த கொறைக்கப் போறீங்க? ஒடம்பு என்னோடது" என்றாள்.

நான் பாதுகாக்க நினைத்தது அவளையா, அவள் அழுவதைப் பார்க்கப் பயந்த என்னையா? நேர்மையாகச் சொன்னால் என்னைத்தான். தமிழில் காத்திருத்தல் என்ற சொல்லுக்குள் காத்தலும் இருக்கின்றது, இருத்தலும் இருக்கின்றது. நான் காக்க அவசரப்பட்டேன். பக்கத்தில் இருக்க மறந்தேன். மறைத்துக் காப்பது மருத்துவத்துக்கும் உதவாது. தன் தங்கை புற்றுநோயில் இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் சென்னை அடையாறில் பன்னிரண்டு கட்டில்களுடன் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த வருடம் அங்கு சேர்ந்து 2021இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தா, இந்த நோயைவிட அதைச் சுற்றிய பயமும் ஒளிப்பும் அதிகம் கெடுக்கின்றன என்ற கருத்தை ஓயாது வலியுறுத்தினார். நமது நாட்டில் மஹரகமை வைத்தியசாலைக்கு இன்று 'அபேக்ஷா' என்று பெயர். சிங்களத்தில் அது எதிர்பார்ப்பு, நம்பிக்கை இரண்டையும் குறிக்கும். பெயர் வைத்தவர் யாரோ, காத்திருந்து பார்த்தவராக இருக்க வேண்டும்.

அதன் பிறகு எஞ்சிய நாட்களை அவள் சொற்படியே கழித்தோம். காலையில் பூச்செடிக்குத் தண்ணீர், மாலையில் கோயில். பேச விரும்பினால் பேசினோம், இல்லாவிட்டால் ரேடியோ. வருபவர்களிடம் "முடிவு வந்தா சொல்றோம்" என்று அவளே பதில் சொன்னாள்.

பத்தொன்பதாம் நாள் இருவரும் ஒன்றாக உள்ளே போனோம். புற்றுநோய்தான், சிறியது, ஆரம்ப நிலை. வைத்தியர் அவளைப் பார்த்தே சொன்னார். "எப்ப ஒப்பரேஷன்?" என்றுதான் முதலில் கேட்டாள். வெளியே வாங்கில் உட்கார்ந்து மகளுக்குத் தொலைபேசியில் சொன்னாள். குரல் உடையவில்லை. உடைந்தது என் குரல்தான். போனை வாங்கிப் பேச முடியவில்லை.

ஒப்பரேஷன் முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, இப்போது தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடத்துக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஒவ்வொரு முறையும் சிறு காத்திருப்பு ஒன்று உண்டு. பாற்குடத்தை இந்த வைகாசியில் எடுத்தேன். ஏன் எடுத்தாய் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நேர்ந்தபடி முடிவு வரவில்லைதான், எடுக்க வேண்டும் போலிருந்தது, எடுத்தேன்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். என் பெயரைப் போட்டால் அவள் பெயரைப் போட்டதற்குச் சமம். ஆகையால் இரண்டும் இல்லை. "மத்ததெல்லாம் இருக்கட்டும். சுகவனிதையர் கிளினிக்க பத்தி கட்டாயம் எழுதுங்க" என்றாள். 1996 முதல் நமது நாட்டில் நடக்கும் இந்த கிளினிக்கில் முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கு மார்பு, கருப்பைக் கழுத்து, இரத்த அழுத்தம், நீரிழிவு எல்லாம் இலவசமாகப் பார்க்கின்றார்கள். நாளையும் இடத்தையும் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளலாம். தனியாகப் போகக் கூச்சப்படும் அக்காமார் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு வந்தால், பிரசாதம் கொடுக்கும் இடத்தில் அவள் நிற்பாள். கூட வருவாள்.